அசையாத விலை

நேர்மையான சந்தையில் விலைகள் சண்டை போடும்,
சேட்ஸ்வொர்த் குடியிருப்பில் துணிக்கொடிக்காக
மேல்வீடும் கீழ்வீடும் போடுவதுபோல.
ஒரு வாரம் இவன் இரண்டு ரேண்ட் குறைப்பான்,
மறுவாரம் அவன் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பான்.

மெழுகுவத்தி விலை சண்டை போடவில்லை.
நாற்பத்தொரு மாதம். நான்கு கம்பெனி.
மின்வெட்டு வந்தது, போனது, திரும்ப வந்தது.
உலகச் சந்தையில் மெழுகு பாதி விலைக்குச் சரிந்தது.
ஆறு வத்திப் பொட்டலம் மட்டும்
கூட்டமாய் ஏறி, ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.
பிரிட்டோரியாவில் என் திரையில் நான்கு கோடுகள்,
பார்த்தால் ஒரே கோடு.
மேலதிகாரி எட்டிப் பார்த்தார்:
இதில் ஒன்றுமே நடக்கவில்லையே, மோகாம்பரி?
அதுதான், என்றேன்.

டர்பனில் விடியற்காலைச் சோதனை.
வழக்கறிஞர்கள் பெட்டி பெட்டியாய்க் காகிதம் அள்ள
எனக்கு வாய்த்தது ஒரு விற்பனை மேலாளரின் கைப்பேசி.
அதில் கிரிக்கெட் ஸ்கோர்:
முப்பத்து நாலுக்கு ஒன்பது, வியாழன் முதல்.
எந்த அணி அப்படி மண்ணைக் கவ்வியது?
இரவெல்லாம் தேடினேன்.
அன்று எந்த ஊரிலும் ஆட்டம் இல்லை.
வியாழன் முதல் பொட்டலம்
முப்பத்து நாலு ரேண்ட் தொண்ணூறு.

நால்வரில் பெரியவன் முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டான்.
முதலில் வாய் திறந்தவனுக்கு மன்னிப்பு, அது விதி.
ஒரு சென்ட் கட்டவில்லை அவன்.
மற்ற மூவருக்காக வந்தான் தேவராஜ் கிஸ்டன்,
வெஸ்ட்வில் பல்கலையில் என் பக்கத்து நாற்காலி,
இன்று சாண்டன் கண்ணாடிக் கட்டடத்தில்
அவனுடைய ஒரு மணி நேரம் என் ஒரு வாரச் சம்பளம்.
குற்றம் இருக்கலாம், காயம் இல்லை என்பது அவன் வாதம்:
விலை ஏறியபோது விற்பனை குறைந்தது,
ஆகவே மக்களுக்கு மாற்று இருந்தது,
ஆகவே அபராதம் குறைய வேண்டும்.
இரண்டு ஆகவே. இரண்டும் இஸ்திரி போட்டவை.

க்வாமாஷுவில் கடை வைத்திருக்கும் புசிசிவேயிடம்
எங்கள் தொழிலின் பழைய கேள்வியைக் கேட்டிருந்தேன்:
விலை ஐந்து விழுக்காடு ஏறினால் எங்கே போவீர்கள்?
எங்கேயும் போக மாட்டோம்.
சீக்கிரம் படுத்துவிடுவோம்.
பிள்ளைகளின் பாடம்?
அதுவும் படுத்துவிடும்.

என் அட்டவணையில் டார்ச்சுக்கு ஒரு கட்டம் இருந்தது,
மண்ணெண்ணெய்க்கு ஒன்று, சூரிய விளக்குக்கு ஒன்று.
இருட்டுக்கு இல்லை.

இரண்டு நாள் குறுக்கு விசாரணை.
விற்பனை எங்கோ போயிருக்க வேண்டுமே, டாக்டர் படையாச்சி?
போயிற்று.
எங்கே?
இருட்டுக்கு.
இருட்டு ஒரு போட்டி நிறுவனம் என்கிறீர்களா?
மண்டபத்தில் சிரிப்பு.
தேவராஜ் மட்டும் சிரிக்கவில்லை,
குனிந்து எதையோ எழுதினான், அடித்தான்.

வென்றோம். அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போனது.
க்வாமாஷுவுக்குப் போகவில்லை.
அதற்கென ஒரு படிவம் உண்டா என்று
நானே தேடிப் பார்த்தேன்.
தீர்ப்பு நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
பாடம் படுத்துவிட்ட வரி மட்டும் அதில் இல்லை.

இரண்டு ஆண்டில் அந்த மூவரில் இருவர்
ஒன்றாக இணைய அனுமதி கேட்டார்கள்.
கோப்பு என் மேசைக்கே வந்தது.
நால்வர் பேசிக்கொண்டால் குற்றம்,
இருவர் மணந்துகொண்டால் விண்ணப்பம்.
மூன்று ஆண்டு யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது
என்று நிபந்தனை எழுதிக் கையெழுத்திட்டேன்.
அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை,
காரணம் அதுதானா என்று தெரியாது.

மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன்.
நேற்று இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போனது.
செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்.
முதல் கடையில் பொட்டலம் இருபத்தெட்டு ரேண்ட்.
எதிர்க்கடையில் இருபத்தாறரை.
ஒன்றரை ரேண்ட் சண்டை.
கைப்பேசி வெளிச்சத்தில் சில்லறை எண்ணி
இரண்டு கடையிலும் வாங்கினேன்.